கோச் கிரேடியின் வீடு

கதவைச் சாத்திவிட்டு உட்காருங்கள் அக்கா. தப்பாக நினைக்காதீர்கள், பழகிவிட்டது. நம்ம ஊர்க் காபித்தூள்தான், டிக்காஷன் இறக்கியே வைத்திருக்கிறேன். நீங்கள் காரை விட்டு இறங்கும்போதே ஜன்னலில் பார்த்துவிட்டேன். ஜீன்ஸும் கூலிங் கிளாஸுமாகத்தான் இருந்தீர்கள். ஆனால் பக்கத்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கி நின்றீர்கள் பாருங்கள், அப்போதே முடிவு செய்துவிட்டேன், நம்ம ஆள் என்று. அதனால்தான் ஓடி வந்து கூப்பிட்டேன்.

உங்கள் வீட்டுக்காரர் அந்த ஏஜென்ட் பெண்ணோடு சாவகாசமாகச் சுற்றிப் பார்க்கட்டும். ஆண்கள் கூரை ஒழுகுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்றுதான் பார்ப்பார்கள். ஒரு வீட்டில் யார் இருந்தார்கள், ஏன் போனார்கள் என்று கேட்கத் தோன்றாது. அதை நாம்தானே விசாரிக்க வேண்டும்? நீங்கள் கேட்காவிட்டாலும் நான் சொல்லிவிடுகிறேன். எனக்கு அக்கம்பக்கத்தில் ஒரு தமிழ் முகம் வேண்டும், அந்தச் சுயநலம் உண்டு. மறைக்கவில்லை.

நான் ரெஜினா, ரெஜி என்றே கூப்பிடுங்கள். தூத்துக்குடி. படிப்பெல்லாம் பாளையங்கோட்டையில், கான்வென்ட் ஹாஸ்டல். இவர் பெயர் டெரன்ஸ், கம்ப்யூட்டர் வேலை. டெக்சாஸ் என்றதும் நான் பெரிய பட்டணம் என்று நினைத்து வந்தேன். வந்து பார்த்தால் ஒரு பெட்ரோல் பங்க், நாலு சர்ச், ஒரு பள்ளிக்கூடம், அதற்குப் பின்னால் மைதானம். அந்த மைதானம்தான் இந்த ஊருக்குக் கோயில், சந்தை, கோர்ட்டு எல்லாமே. எங்கள் வீட்டுப் பின்பக்கமும் பக்கத்து வீட்டுப் பின்பக்கமும் அதைப் பார்த்துத்தான் இருக்கின்றன. ஏஜென்ட் அதைத்தான் பெருமையாகச் சொல்லியிருப்பாள்.

அந்த வீட்டில் இருந்தவர்தான் கோச். வெண்டெல் கிரேடி என்று பேர். இந்த ஊரில் யாரும் பேர் சொல்ல மாட்டார்கள், கோச் என்றால் அவர்தான்.

இவர்கள் ஃபுட்பால் என்று சொல்கிறது நம்ம ஊர்க் கால்பந்து இல்லை. பனங்காய் மாதிரி நீள உருண்டையாக ஒரு பந்து. அதைக் கையில் இடுக்கிக்கொண்டு ஒருத்தன் ஓட, எதிராளிகள் அவன்மேல் மலை சரிந்த மாதிரி விழுவார்கள். விழுந்த இடத்திலிருந்து மறுபடி ஆரம்பம். அவ்வளவுதான் ஆட்டம். இந்த கிரேடி இதே பள்ளிக்கூடத்தில் படித்து, இதே மைதானத்தில் ஓடி, கல்லூரியில் பேர் வாங்கி, அப்புறம் டிவியில் காட்டுகிற பெரிய அணி ஒன்றில் சேர்ந்து சம்பளத்துக்கு ஆடியவர். ஆறேழு வருஷம் ஆடியிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் முழங்கால் போய்விட்டது. டெரன்ஸ் அந்த வீடியோவைத் தேடி எடுத்து எனக்குக் காட்டினார். கால் மடங்கக் கூடாத பக்கம் மடங்குகிறது அக்கா. நான் பாதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த ஆள் ஸ்ட்ரெச்சர் வேண்டாம் என்று ஒற்றைக் காலில் தத்தித் தத்தியே வெளியே போனாராம். டெரன்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இவ்வளவு வலியை வெளியே காட்டாதவன் வேறு எதையெல்லாம் காட்ட மாட்டான் என்று தோன்றியது.

அதற்கப்புறம் ஊர் ஊராக எடுபிடிக் கோச்சாக இருந்து, கடைசியில் சொந்த ஊருக்கே பெரிய கோச்சாக வந்தார். இதுவும் எனக்கு இடித்தது. டிவியில் வந்த மனுஷன், நாடே பார்த்த மனுஷன், இந்த மூலைக்கு ஏன் திரும்பி வர வேண்டும்? டெரன்ஸிடம் கேட்டேன். "சொந்த ஊரு ரெஜி. பயலுகளுக்குச் சொல்லிக் குடுக்கணும்னு வந்திருக்காரு" என்றார். நான் நம்பவில்லை. "நீ சி.பி.ஐ.யில சேர்ந்திருக்க வேண்டியவ, தெரியாம என்னைக் கல்யாணம் பண்ணிட்ட" என்று சிரித்தார். சிரிக்கட்டும். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு பகல் முழுக்கத் தனியாக இருப்பவள் நான்தானே?

ஜோயல் அப்போது எட்டு மாதம். இப்போது உள்ளே தூங்குகிறான், அப்புறம் காட்டுகிறேன்.

நான் நிறம் பார்க்கிறவள் இல்லை அக்கா, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பாவே அட்டைக்கரிதான். ஆனால் இந்த கிரேடி வாசலில் நின்றால் வாசல் தெரியாது, அவ்வளவு பெரிய உடம்பு. கொஞ்சம் நொண்டுவார். அதிகம் பேச மாட்டார். சாயங்காலமானால் காரை வெளியே எடுத்துவிட்டு, கார் நிற்கிற சிமென்ட் தரையில் சாக்பீஸால் என்னவோ வரைவார். வட்டம், வட்டம், வட்டம். அதற்கு எதிரே சிலுவை, சிலுவை, சிலுவை. நடுவில் வளைந்து வளைந்து அம்புக்குறி. குனிந்து பார்ப்பார், அழிப்பார், மறுபடி வரைவார். குப்பைத் தொட்டிகளை எடுத்து வட்டத்துக்கு மேலே வைத்துவிட்டுச் சுற்றிச் சுற்றி வருவார்.

நீங்களே சொல்லுங்கள். பிள்ளை வைத்திருக்கிறவளுக்குப் பக்கத்து வீட்டில் வட்டமும் சிலுவையும் வரைகிறவனைப் பார்த்தால் என்ன தோன்றும்? வேளாங்கண்ணியிலிருந்து கொண்டு வந்த தீர்த்தம் ஒரு புட்டி இருந்தது. வேலி ஓரமாகத் தெளித்துவிட்டேன். டெரன்ஸ் வந்து பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "அடிப் பாவி, அது ஆட்டத்தோட படம்! வட்டம் நம்ம பயலுக, சிலுவை எதிராளி!" என்றார். சரி, ஆட்டப் படமாகவே இருக்கட்டும். ஆட்டப் படத்தை யாருக்குத் தெரியாமல் மறைக்க அப்படி அழித்து அழித்து வரைய வேண்டும்?

அப்புறம் பள்ளிக்கூட அணி தோற்க ஆரம்பித்தது. இங்கே வெள்ளிக்கிழமைதோறும் ஆட்டம். ஒன்றில் தோற்றார்கள், அடுத்ததிலும் தோற்றார்கள். சனிக்கிழமை காலையில் பார்த்தால் கோச் வீட்டுப் புல்வெளி முழுக்கப் பலகைகள். 'வீடு விற்பனைக்கு' என்று எழுதி வரிசையாக நட்டிருக்கிறது. அக்கா, எனக்கு ஒரே சந்தோஷம். நாங்கள் வாடகையில்தானே இருக்கிறோம். தொந்தரவும் ஒழியும், நல்ல வீடும் கிடைக்கும். டெரன்ஸ் எழுந்திருக்கவில்லை. நான் முந்தின நாள் செய்த ரவை கேக்கைத் தட்டில் வைத்து, ஜோயலை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். அவர் பலகைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"குட் மார்னிங் சார், என்ன விலை சொல்கிறீர்கள்?" என்றேன்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். கேக்கைப் பார்த்தார். "வீடு விற்பனைக்கு இல்லை மேடம்."

"பலகை இருக்கிறதே?"

"அது ஊர்க்காரர்கள் பேசுகிற முறை" என்றார்.

அதற்குள் அவர் மனைவி டெனிஸ் வெளியே வந்தாள். கேக் தட்டை வாங்கவில்லை. "வெண்டெல், உள்ளே வா" என்று அவரிடம் சொன்னாள். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. ஒரு மனுஷி குழந்தையோடு தேடி வந்திருக்கிறாளே என்று ஒரு சிரிப்பாவது? கதவு டப்பென்று சாத்திக்கொண்டது.

டெரன்ஸ் எழுந்து, நான் சொன்னதைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தோற்கிற கோச்சின் வீட்டு வாசலில் ஊரார் அப்படிப் பலகை நடுவது இங்கே வழக்கமாம். மூட்டையைக் கட்டு என்று அர்த்தமாம். "அதுல நீ போயி விலை கேட்டிருக்க! அதுவும் கேக்கோட!" எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் கான்வென்டில் 'ஃபார் சேல்' என்றால் விற்பனைக்கு என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள்.

அன்று ஆறுதல் சொன்னது ஷெர்லி ஆன்ட்டி மட்டும்தான். எதிர்வரிசையில் வெள்ளை வேலி போட்ட வீடு பார்த்தீர்களா, அது அவர்கள் வீடு. அப்படியே எங்கள் கான்வென்ட் மதர் சுப்பீரியர் முகம். அதே அமைதி, கழுத்தில் சின்னச் சிலுவை. நாங்கள் குடிவந்த அன்றே ஆப்பிள் பை என்கிற பலகாரத்தைச் சுட்டு எடுத்துக்கொண்டு வந்தவர்கள். நான் போய் விலை கேட்ட கதையைச் சொன்னதும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். "கண்ணே, நீ இந்த ஊரிலேயே தைரியசாலி" என்று என் கன்னத்தைத் தட்டினார்கள். அவர்கள் மகன் பிராட், கோச்சுக்குக் கீழே உதவிக் கோச்சாக இருந்தவன். ஆகஸ்ட் மாதம் கிரேடி அவனை வெளியே அனுப்பிவிட்டார். பயிற்சி நேரத்தில் ஒரு பையனை அடித்தான் என்று காரணம் சொன்னாராம். ஷெர்லி ஆன்ட்டி பெற்ற பிள்ளை அடிப்பானா? எல்லாம் பொறாமை. "நாங்கள் யார்மேலும் வருத்தம் வைக்கவில்லை, ஜெபிக்கிறோம்" என்பார்கள். அப்படிப்பட்ட மனசு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

காலை ஏழு மணிக்கு மைதானத்தில் பிராக்டிஸ். அப்போது நம்ம ஊரில் சாயங்காலம். அம்மா ஜெபமாலை சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் மாடி அறை ஜன்னலோரம் ஜோயலை வைத்துக்கொண்டு வீடியோ காலில் பேசுவேன். அங்கேதான் வெளிச்சமும் நன்றாக விழும், சிக்னலும் கிடைக்கும். மைதானத்து வேலியைச் சுற்றிப் பச்சைத் துணி கட்டியிருப்பார்கள், தெருவிலிருந்து ஒன்றும் தெரியாது. ஆனால் எங்கள் மாடிக்கு எல்லாம் தெரியும். அம்மாவுக்குப் பேரனையும் பார்க்கலாம், பின்னாலே பயல்கள் முட்டி மோதுகிறதையும் பார்க்கலாம்.

ஒரு காலை பயல்கள் புதிதாக ஒன்று செய்தார்கள். எல்லோரும் இடப்பக்கமாகக் கத்திக்கொண்டு ஓடுகிறார்கள். உயரமான பையன் ஒருத்தன் கையில் பந்து இருக்கிற மாதிரியே குனிந்து ஓடுகிறான். ஆனால் அவன் கையில் பந்து இல்லை. ஒரு குண்டுப் பையனின் முதுகுக்குப் பின்னால் குந்தியிருந்த குட்டைப் பையன் மெதுவாக எழுந்து வலப்பக்கம் தனியாக ஓடுகிறான். அம்மாதான் கண்டுபிடித்தார்கள். தூத்துக்குடியிலிருந்து!

"ஏட்டி, அங்க பாரு! எல்லாப் பயலும் இந்தப் பக்கமா ஓடுதானுவ, பந்து அந்தக் குட்டைப் பய கிட்டல்லா இருக்கு! களவாணிப் பயலுவ!"

ஜோயல் கெக்கெக்கே என்று சிரித்தான். நானும் கை தட்டிவிட்டேன். அந்தச் சத்தமா என்னவோ, கிரேடி விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். நிமிர்ந்து நேராக என் ஜன்னலைப் பார்த்தார். அவரைப் பார்த்து எல்லாப் பயல்களும் பார்த்தார்கள். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கிவிட்டேன் அக்கா. ஒரு பெண்பிள்ளை நிற்கிற ஜன்னலை அப்படிப் பார்க்கலாமா?

அன்று சாயங்காலமே காலிங் பெல் அடித்தது. கதவு ஓட்டை வழியாகப் பார்த்தால் அவர்தான். நான் சங்கிலியை மாட்டிக்கொண்டு இரண்டு விரல் அளவுக்குத் திறந்தேன். அவர் கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு அட்டை. பேச வாயெடுத்ததும் அந்த அட்டையால் வாயை மறைத்துக்கொண்டார். உதட்டைப் பார்த்து எதிரணி படித்துவிடுமாம், எல்லாக் கோச்சும் ஆட்டத்தில் அப்படித்தான் செய்வார்களாம், கை பழகிப்போயிருக்குமாம். டெரன்ஸ் பிறகு விளக்கினார். ஆனால் என் வாசலில் எந்த எதிரணி நிற்கிறது? வாயை மறைத்துப் பேசுகிறவனை எப்படி நம்புவது?

"மேடம், காலையில் போனை ஜன்னலில் பிடித்திருந்தீர்கள். யாருக்கு எடுத்தீர்கள்?"

"என் அம்மாவுக்கு."

"அம்மா எங்கே இருக்கிறார்கள்?"

"தூத்துக்குடி."

"அது எந்தக் கவுன்டி?"

கவுன்டி என்றால் இங்கே ஜில்லா மாதிரி, தூத்துக்குடியைப் பக்கத்து ஊர் என்று நினைத்துவிட்டார். அவரே கொஞ்சம் யோசித்துவிட்டு, "இது கடைசி வாரம் மேடம். வெள்ளிக்கிழமை பக்கத்து ஊரோடு ஆட்டம். ஜெயித்தால் எனக்கு இன்னொரு வருஷம். தோற்றால் அனுப்பிவிடுவார்கள். இந்த வாரம் மட்டும் காலையில் அந்தத் திரையை இழுத்து விட்டுக்கொள்ள முடியுமா? தயவு செய்து" என்றார்.

கேட்டீர்களா? ஒரு ஆம்பிளை வந்து, உன் படுக்கையறைத் திரையை மூடு என்கிறான். நான் சரி என்று தலையாட்டி அனுப்பிவிட்டேன். ஆனால் மூடவில்லை. ஏன் மூட வேண்டும்? நாளைக்குக் கதவைத் திறக்காதே என்பான், அடுத்த நாள் மூச்சு விடாதே என்பான். நான் மூடாமல் இருந்தால்தானே அவன் என்ன செய்கிறான் என்று எனக்குத் தெரியும்?

மறுநாள் அம்மா கிடைக்கவில்லை, கோயிலில் திருவிழாக் கொடியேற்றம். பார்த்து அன்றைக்குத்தானா ஜோயல் ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு முதல்முறையாக எழுந்து நிற்க வேண்டும்! தானாகவே, யாரும் பிடிக்காமல். நான் வீடியோ எடுத்துவிட்டேன். அம்மாவுக்கு அனுப்பினேன். மத்தியானம் ஷெர்லி ஆன்ட்டி வந்தார்கள், அதே ஆப்பிள் பை கொண்டு வந்தார்கள். கோச் வந்து மிரட்டினதைச் சொன்னேன். திரையை மூடச் சொன்னதைச் சொன்னதும் அவர்கள் முகம் மாறிவிட்டது. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். அவ்வளவு அக்கறை, என்மேல்.

"அப்படி என்ன பார்த்தாய் கண்ணே?" என்றார்கள்.

நான் எழுந்து நடித்தே காட்டினேன். எல்லோரும் இப்படி ஓட, குட்டைப் பையன் இப்படி. அப்புறம் ஜோயல் நிற்கிற வீடியோவையும் காட்டினேன். ஆன்ட்டி கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். "என்ன அழகு! இதை எனக்கு அனுப்பு. பிராட் குழந்தை வீடியோ என்றால் உயிரை விடுவான்" என்றார்கள். அனுப்பினேன்.

அதிலிருந்து அந்த வாரம் முழுக்க தினமும் மெசேஜ். "குட்டி இன்று நின்றானா?" "ஜன்னல் பக்கமாகவே எடு, வெளிச்சம் அருமையாக இருக்கிறது." "கொஞ்சம் நீளமாக எடேன்." என் சொந்த மாமியார் ஒரு வாட்டி இப்படிக் கேட்டதில்லை அக்கா. பெற்றால்தானா பாசம்?

வெள்ளிக்கிழமை ஊரே காலி. டெரன்ஸும் போனார். நான் போகவில்லை, பிள்ளைக்கு அந்தக் கூச்சல் ஆகாது. வீட்டிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு இரைச்சல் பெரிதாக எழுந்து, எழுந்த வேகத்தில் அப்படியே அறுந்துவிட்டது. இவர் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தார்.

"கடைசி நிமிஷம் வரைக்கும் கைக்குள்ள இருந்துச்சு ரெஜி. ஒரே ஒரு ஓட்டம் ஓடினா ஜெயிப்பு. கோச் அந்தக் குட்டைப் பையன் ஆட்டத்தை எடுத்தாரு. எல்லாரும் இடப்பக்கம் ஓடினாங்க. எதிராளில மூணு பேரு அசையவே இல்ல. வலப்பக்கமே நின்னுட்டிருந்தாங்க. பையன் எழுந்திரிக்கறதுக்கு முன்னாடியே அவனைப் பார்த்துட்டு நின்னாங்க."

"அதிர்ஷ்டம் இல்லை போல" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "நீ அந்த வீடியோவை வேற யாருக்காவது அனுப்புனியா?"

"எந்த வீடியோ? பிள்ளை நிக்கிற வீடியோவா? அம்மாவுக்கு" என்றேன். உண்மைதானே? ஷெர்லி ஆன்ட்டியைச் சொல்லவில்லை. அவர்கள் கேட்டது குழந்தையை. அதையும் இதையும் எதற்கு முடிச்சுப் போட வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து காரை நிறுத்தும்போதே ஷெர்லி ஆன்ட்டி சாலையைக் கடந்து வந்தார்கள். டெரன்ஸ் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "அந்த ஆள் உன்னைத் தேடி வருவான். எதுவும் சொல்லாதே. நீங்கள் விசாவில் இருக்கிறவர்கள், எதிலாவது பேர் அடிபட்டால் கஷ்டம். எனக்கு உன் குடும்பம்தான் கவலை" என்றார்கள். பாருங்கள், எவ்வளவு தூரம் யோசித்திருக்கிறார்கள். விசா என்றதும் நான் அவர்கள் கையை இறுக்கிக்கொண்டேன். இங்கே எங்களுக்கு அது ஒன்றுதானே ஆணிவேர்?

அவர்கள் சொன்ன மாதிரியே வந்தார். டெரன்ஸ் கடைக்குப் போயிருந்தார். இந்த முறை படியேறவில்லை. கீழே புல்லில் நின்றார். கையில் அட்டை இல்லை. நொண்டல் அதிகமாக இருந்தது.

"மேடம், உங்களைக் குற்றம் சொல்ல வரவில்லை. உங்கள் அம்மாவுக்கு அனுப்பினீர்கள், நம்புகிறேன். அந்த ஊர் எங்கே இருக்கிறதென்று என் மகள் வரைபடத்தில் காட்டினாள். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். வேறு யாருக்காவது போனதா? நாளைக்குப் பள்ளி நிர்வாகக் குழு கூடுகிறது. நான் தோற்றதற்கு என் மூளை மழுங்கிவிட்டது காரணம் என்கிறார்கள், ஆடின காலத்தில் தலையில் வாங்கின அடி என்கிறார்கள். எங்கள் ஆட்டத்தை யாரோ முன்னாலேயே பார்த்துவிட்டார்கள் என்று என்னால் காட்ட முடிந்தால் என்னை வைத்துக்கொள்வார்கள். பாதிப்பேர் என் பக்கம்தான். ஒரு பேர் போதும் மேடம். உங்கள் பேர் வராது, சத்தியம்."

இருபது வருஷமாக இந்த ஆட்டத்தைத் தவிர வேறு எதுவும் தனக்குத் தெரியாது என்றும் சொன்னார். அவ்வளவு பெரிய ஆள், கொஞ்சம் குரல் உடைந்த மாதிரி இருந்தது. நடிப்பாகவும் இருக்கலாம். டிவியில் வந்தவர்தானே?

ஹாஸ்டலில் சிஸ்டர் பிளாசிடா எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள், அந்நிய ஆண் கேள்வி கேட்டால் ஒரே வரியில் பதில் சொல், இன்னொரு பெண்ணின் பேரை மட்டும் வாயில் எடுக்காதே என்று. நான் சங்கிலியைக் கழற்றாமலே சொன்னேன்.

"அம்மாவுக்கு மட்டும்தான்."

"நன்றி மேடம். குழந்தை நிற்கிறானாமே, டெரன்ஸ் சொன்னார். வாழ்த்துகள்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். டெரன்ஸ் இவரிடம் எப்போது பேசினார்? எனக்குத் தெரியாமல் என்ன பேச்சு? அதுதான் அப்போது மனசில் உறுத்தியது.

திங்கட்கிழமை குழு கூடியது. செவ்வாய்க்கிழமை அவர் கோச் இல்லை.

ஷெர்லி ஆன்ட்டியின் ஜெபம் வீண்போகவில்லை. அடுத்த வாரமே பிராட்டைக் கோச்சாகப் போட்டுவிட்டார்கள். தங்கமான பையன் அக்கா. பதவி ஏற்றதும் முதல் காரியமாக என்ன செய்தான் தெரியுமா? ஏணியும் தானுமாக எங்கள் வீட்டுக்கு வந்தான். "உங்களுக்கு இனிமேல் தொந்தரவே இருக்காது" என்று சொல்லி, மாடி ஜன்னல் கண்ணாடி முழுக்கப் பால் நிறத்தில் ஒரு தாளை அவன் கையாலேயே ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். ஒரு பைசா வாங்கவில்லை. இப்போது அங்கிருந்து மைதானம் தெரியாது. அறை கொஞ்சம் மங்கல்தான். ஜோயல் ஏனோ கட்டையைப் பிடித்து நிற்கிறதில்லை, பார்க்க ஒன்றும் இல்லையே. ஆன்ட்டிக்கும் வேலை அதிகமாகிவிட்டது போல, அந்த வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் வீடியோ கேட்கவே இல்லை. நானாக அனுப்பினால் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டு அனுப்புவார்கள்.

எனக்கு இப்போது கவலை டெரன்ஸ்தான்.

ஒரு நாள் என் போனைக் கேட்டு வாங்கினார். வெகுநேரம் மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். கிரேடி சாமான் ஏற்றின அன்று இவர் லீவு போட்டுவிட்டுப் போய், அவர்களோடு சேர்ந்து கட்டிலும் பீரோவும் தூக்கினார். நான் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தேன். லாரி கிளம்புகிற நேரத்தில் கிரேடியின் கையைப் பிடித்துக்கொண்டு இவர் என்னவோ சொல்கிறார். சொல்லிக்கொண்டே இருக்கிறார். கிரேடி தலையைக் குனிந்து கேட்கிறார். டெனிஸ் திரும்பி எங்கள் வீட்டைப் பார்க்கிறாள். வந்ததும், "என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்றார். அதிலிருந்து வீட்டில் ஆட்டப் பேச்சே கிடையாது. என்னோடேகூட அதிகம் பேசுவதில்லை. ஏதோ மறைக்கிறார் அக்கா. எனக்கு மூக்கில் வியர்க்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், நீங்கள் பக்கத்தில் வந்துவிட்டால் எனக்கு எவ்வளவு பலம்! நல்ல வீடு, நல்ல தெரு. இப்போது பயப்படவும் ஒன்றும் இல்லை.

என்ன கேட்டீர்கள்?

ஆமாம், இருக்கிறது. பிள்ளை முதல்முதலாக நின்ற வீடியோவை அழிப்பேனா? ஷெர்லி ஆன்ட்டிக்கு அனுப்பினதும் அப்படியே இருக்கிறது, அவர்கள் கேட்டதும் இருக்கிறது, தேதியோடு.

தேதி எதற்கு அக்கா உங்களுக்கு?

காபியைத் தொடவே இல்லையே நீங்கள். வந்ததிலிருந்து என் பிள்ளையைக் காட்டு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வீடியோவை மட்டும் காட்டச் சொல்கிறீர்கள். டெரன்ஸை உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா? அக்கா, என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். நீங்கள் நிஜமாகவே வீடு பார்க்கத்தான் வந்தீர்களா?